அட்டைக்குச் சுண்ணாம்பு, உண்ணிக்கு?

போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. மகள் பள்ளித் தோழிகளோடு பக்கத்துக் காட்டில் நடை போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினாள். குளித்துவிட்டு வந்தவள், "அப்பா, இங்க ஒரு மச்சம் இருக்கு, நேத்து இல்லையே?" என்று முழங்காலுக்குப் பின்பக்கத்தைக் காட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தால் மச்சத்துக்குக் கால் இருக்கிறது. ஒன்றிரண்டு இல்லை, எட்டு. கசகசா அளவில் ஒரு உண்ணி!

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா வீடியோவில் வந்தார். அங்கே ஞாயிறு விடிகாலை. விஷயத்தைக் கேட்டதும், "ஏய்யா, கொஞ்சம் சுண்ணாம்பைத் தடவுய்யா, தன்னால விழுந்துரும். சுண்ணாம்பு இல்லேன்னா மண்ணெண்ணெய் வை" என்றார். கனெக்டிகட்டில் சனிக்கிழமை சாயங்காலம் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? அதற்குள் மனைவி அடுப்படியிலிருந்து எலுமிச்சம்பழமும் உப்பு டப்பாவுமாக வந்து நின்றாள். என் கை தீப்பெட்டியைத் தேடியது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மூன்று பேருமே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துக்காரர்கள். மூன்று பேருக்கும் கைவந்தது அட்டை வைத்தியம். எங்கள் எதிரே இருந்ததோ உண்ணி. இரண்டும் ரத்தம் குடிக்கும், இரண்டும் ஒட்டிக்கொள்ளும், ஆகவே ஒன்றுக்குச் செய்வதையே இன்னொன்றுக்கும் செய்தால் ஆயிற்று என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அன்று ராத்திரி படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க அது மருத்துவத்தைத் தாண்டி வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நம் சனங்கள் மலையேறிய வரலாறு.

ஆனைக்கரையும் அம்மாச்சியின் காலும்

கேரளத்தில் ஆனைக்கரை என்று இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில், குற்றிப்புறத்துக்குப் பக்கம் பாரதப்புழை ஓரத்தில். நேதாஜியின் படையில் ராணி ஜான்சி ரெஜிமெண்டை நடத்திய கேப்டன் லட்சுமியின் தாய்வழி வீடு அந்த ஊர்தான். நான் சொல்ல வருவது இன்னொன்று. இடுக்கி மாவட்டத்தில் குமுளியிலிருந்து வண்டன்மேடு போகிற வழியில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஆனைக்கரை. மலையாளத்தில் ஆனக்கரை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறினால் கேரளம், இறங்கினால் தமிழ்நாடு. காலையில் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்க் காயெடுத்துவிட்டு இருட்டும் முன் வீடு திரும்புகிறவர்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

எங்கள் அம்மாச்சி அப்படிப் போய்வந்த மனுஷி. ஜீப் வசதியெல்லாம் வருமுன்பு கம்பமெட்டு வழியாக நடந்தே ஏறி, மாதக்கணக்கில் மேலேயே தங்கிவிட்டு வருவாராம். நான் சின்னப் பையனாக இருந்தபோது அவர் காலைப் பிடித்துவிடச் சொல்வார். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை புள்ளி புள்ளியாகக் கறுத்த தழும்புகள். "இதெல்லாம் என்ன அம்மாச்சி?" என்று கேட்டால், "அட்டைக்குக் குடுத்த சம்பளம்டா" என்பார்.

தேயிலைத் தோட்டத்தைவிட ஏலத்தோட்டத்தில் அட்டைக்கடி அதிகம் என்று அம்மாச்சி சொல்வார். காரணம் பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. தேயிலையை நின்றுகொண்டு கிள்ளலாம். ஏலக்காய் அப்படி இல்லை. செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் பிடிக்கிற சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிக் கிடக்கும். தூருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துதான் பழுத்த காயாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஏலத்துக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், மட்கிய இலை வேண்டும். அட்டைக்கும் அதே மூன்றுதான் வேண்டும். காயெடுப்பு தொடங்குவதும் தென்மேற்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும்போதே. இதைவிட வசதி அட்டைக்கு வேறென்ன?

அந்த மலைகளில் வேலை பெருகியது 19-ம் நூற்றாண்டில். 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். 1887-ல் தொடங்கி 1895-ல் பெரியாறு அணை கட்டி முடிந்தது. காட்டை வெட்டவும், பாதை போடவும், கல் சுமக்கவும், பிறகு தேயிலைக்கும் ஏலத்துக்கும் மதுரைச் சீமையிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் ஆட்கள் கங்காணி பின்னால் ஏறினார்கள். 1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது இந்த மலைகள் கேரளத்தோடு போயின. 1972 ஜனவரி 26-ல் இடுக்கி மாவட்டம் பிறந்தது. கோடு எங்கே போட்டாலும் தூருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கால் பெரும்பாலும் தமிழ்க்கால்தான்.

600 வருஷத்து எலுமிச்சம்பழம்

நம் மலைக்கூலிகள் அட்டையோடு பட்ட பாட்டை அவர்களே எழுதிவைத்ததாக நான் எதையும் கண்டதில்லை. பழைய எழுத்துக்குக் கடல் தாண்டி இலங்கைக்குப் போக வேண்டும். அங்கேயும் அதே பருவமழை, அதே மாதிரிக் காடு, அதே இனத்து அட்டை. பின்னாளில் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைக்கும் அங்கே போனவர்களும் நம் ஆட்களே.

மொராக்கோவிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பிய இபன் பதூதா 1344-ல் இலங்கையில் புத்தளத்தில் இறங்கினார். அவரைப் பல்லக்கும் ஆளும் கொடுத்துச் சிவனொளிபாத மலைக்கு அனுப்பிவைத்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. அந்த வழியில் தாவி ஒட்டிக்கொள்ளும் அட்டையைப் பார்த்ததாக எழுதுகிறார். உள்ளூர்க்காரர்கள் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருப்பார்களாம். பிழிந்தால் அட்டை விழுந்துவிடும், பிறகு மரக்கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டிவிடுவார்களாம். எலுமிச்சை பிழியாமல் அலட்சியமாக இருந்த ஒரு யாத்ரீகர் ரத்தமெல்லாம் போய்ச் செத்தார் என்ற கதையையும் சேர்த்திருக்கிறார்.

அடுத்து ராபர்ட் நாக்ஸ். 1660-ல் திருகோணமலைக்குப் பக்கம் கொட்டியாரத்தில் கண்டி அரசன் ஆட்களிடம் பிடிபட்டு, 19 வருஷம் மலைநாட்டில் சிறையிருந்துவிட்டு, 1679-ல் மன்னார்ப் பக்கம் அரிப்புக்குத் தப்பி வந்தவர். 1681-ல் லண்டனில் அவர் புத்தகம் வெளிவந்தது. அதில் ஜனங்கள் எலுமிச்சைத் துண்டையும் உப்பையும் துணியில் முடிந்து ஒரு குச்சியில் கட்டிக்கொண்டு, நடக்க நடக்கக் காலில் ஒற்றிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறார்.

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உப்பு மூட்டை கட்டிய குச்சி எங்கள் வீட்டுக் கொல்லையில் சார்த்தியிருக்கும்! அம்மாச்சி எழுதப் படிக்கத் தெரியாதவர். நாக்ஸைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். 300 வருஷம் தாண்டி அதே குச்சி அவர் கையிலும் இருந்தது.

பெயர் இல்லாத சிப்பாய்கள்

மூன்றாவது சாட்சி கொஞ்சம் கசப்பானது. 1817–18-ல் கண்டிச் சீமையில் ஆங்கிலேயருக்கு எதிராகப் பெரிய கலகம். அடக்கப் போன படையில் மதராஸ் சிப்பாய்களும், பாதை வெட்டும் பயனியர்களும், சுமை தூக்கும் கூலிகளும் இருந்தார்கள். இலங்கை அரசின் காலனியச் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில், அந்த மலை நடையில் அட்டைக்கடியால் மிகவும் வதைபட்டவர்கள் இவர்கள்தான் என்றும், பலர் செத்தே போனார்கள் என்றும் எழுதுகிறார். அதே புத்தகத்தில் காப்பித் தோட்டத் துரைமார்கள் நெருக்கமாக நெய்த துணியில் காலுறை தைத்துப் போட்டுக்கொண்டதையும், உள்ளூர்க்காரர்கள் எண்ணெய், புகையிலைச் சாம்பல், எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டதையும் சொல்கிறார்.

துரைக்குத் துணியுறை, கூலிக்குச் சாம்பல். எந்தக் கால் எப்படிக் காக்கப்பட்டது என்பதிலேயே பாதி வரலாறு தெரிந்துவிடுகிறது.

அட்டை கடித்து ஆள் சாவானா? ஓர் அட்டை குடிப்பது சில மில்லி ரத்தம். கடித்த இடம் பிற்பாடு கசிவதையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். சாப்பாடு ஒழுங்காக இருக்கும் ஆளுக்கு இது பொருட்டே இல்லை. அரைவயிறும், ரத்தசோகையும், மலேரியாவும், நிற்காத மழையில் பல வாரம் நடையும் சேர்ந்த உடம்புக்கு நிலைமை வேறு. சொறிந்த புண் சீழ்பிடிக்கும், புரையோடும். எனவே அவர்களைக் கொன்றதில் அட்டைக்கு ஒரு பங்கு, பசிக்கும் காய்ச்சலுக்கும் மருந்தின்மைக்கும் மீதிப் பங்கு என்று சொன்னால் சரியாக இருக்கும். அட்டை கண்ணுக்குத் தெரிந்தது, ஆகவே பழி முழுக்க அதன் மேல் விழுந்தது. நம் ஊர் மேடைகளில் முதலாளியை "அட்டை போல் உறிஞ்சுகிறான்" என்று திட்டுவதும் அந்த வழியில் வந்ததுதான்!

அட்டை நிஜமாகவே என்ன செய்கிறது?

காட்டு அட்டை மரத்திலிருந்து குதிப்பதாகப் பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் அது தரையிலிருந்துதான் ஏறுகிறது. நடக்கும் அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று இவற்றை உணர்ந்து, பின்பக்கத்து உறிஞ்சியில் நின்றபடி முன்பக்கத்தை ஆட்டி ஆட்டித் தேடும். காலணியில் தொற்றி, காலுறை முடியும் இடம் வரைக்கும் ஏறிவிடும். வாயில் பல்வரிசை கொண்ட தாடைகள். கடித்தவுடன் ரத்தம் உறையாமலிருக்க ஒரு திரவத்தை உள்ளே விடும். அட்டையிடம் இப்படி ஒரு பொருள் இருப்பதை 1884-ல் ஜான் ஹேகிராஃப்ட் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். பின்னால் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. அட்டை வயிறு நிறைந்து தானாக விழுந்த பிறகும் மணிக்கணக்கில் ரத்தம் கசிவதற்குக் காரணம் இதுதான். பார்க்கப் பயமாக இருக்கும், ஆபத்து குறைவு.

அட்டையை வைத்தியத்துக்குப் பயன்படுத்தியதும் நமக்குப் புதிதல்ல. சுஸ்ருத சம்ஹிதையில் அட்டைக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. விஷமுள்ளவை ஆறு, விஷமில்லாதவை ஆறு என்று பன்னிரண்டு வகை பிரிக்கிறது. சித்த வைத்தியத்தில் 'அட்டை விடல்' உண்டு. ஐரோப்பாவில் இது பைத்தியமாகவே முற்றி, 1833-ல் பிரான்ஸ் மட்டும் 4 கோடிக்கு மேல் அட்டைகளை இறக்குமதி செய்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004-ல் மருத்துவ அட்டைக்கு அனுமதி கொடுத்தது. அறுந்த விரலை ஒட்டவைத்த பிறகு தேங்கும் ரத்தத்தை எடுக்க இன்றும் பயன்படுகிறது. ஆனால் இவையெல்லாம் நீர்நிலைகளில் வாழும் அட்டைகள். ஆனைக்கரையில் காலில் ஏறுவது வேறு குடும்பம்.

ஒரு முக்கியமான செய்தி. காட்டு அட்டையால் மனிதருக்குப் பரவும் கொடிய நோய் என்று பெரிதாக எதுவும் நிறுவப்படவில்லை. அது ரத்தத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். புண்ணைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் கதை முடிந்தது.

உண்ணியை எழுதியவர் யார்?

இபன் பதூதா, நாக்ஸ், டெனன்ட் மூவரும் அட்டையைப் பற்றி நின்று நிதானமாக எழுதினார்கள். அதே காட்டில் அதே புல்நுனியில் உண்ணியும் இருந்தது. வலிக்காது, ரத்தம் வழியாது, காலுறையைச் சிவப்பாக்காது. எனவே அட்டை அளவுக்கு மனதில் நிற்கவில்லை.

நம் பாஷைக்கு உண்ணி நன்றாகவே தெரியும். வேலியோரத்தில் கண்ட கண்ட நிறத்தில் பூக்கும் லாண்டனாவை உண்ணிச்செடி என்கிறோம். லத்தீனில் ரிசினஸ் என்றால் உண்ணி. ஆமணக்குக்கு அந்தப் பெயர் வந்தது அதன் விதை உண்ணி மாதிரி இருப்பதால். மாட்டிலும் நாயிலும் தினமும் பார்க்கிற ஜீவன். அது மாட்டுக்குப் பிடிப்பது, மனுஷனுக்கு என்ன செய்யும் என்கிற எண்ணம்தான் எல்லோருக்கும்.

உண்ணியின் மேல் முதலில் சந்தேகம் வந்ததும் மாட்டால்தான். 1893-ல் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இருவர் டெக்சாஸ் மாட்டுக்காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று அமெரிக்காவில் நிரூபித்தார்கள். கொசுவையும் மலேரியாவையும் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் முடிச்சுப் போட்டது அதற்கு நான்கு வருஷம் கழித்து, 1897-ல்.

நம் மலைத்தொடருக்கு அந்தப் பாடம் வந்து சேர்ந்தது 1957-ல். அன்றைய மைசூர் மாநிலத்தில், ஷிமோகா மாவட்டம் சொரப் தாலுகாவில், க்யாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பக்கத்துக் கிராமத்து ஜனங்களுக்குக் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, சிலருக்கு ரத்தக்கசிவு. பூனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தார் (இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம்) ஓடிவந்தார்கள். குரங்கும் சாகிறது, மனுஷனும் சாகிறான் என்றால் மஞ்சள் காய்ச்சலோ என்று முதலில் பதறிப்போனார்கள். இந்தியாவில் அதுவரை இல்லாத நோய், வந்திருந்தால் பேரழிவு. பரிசோதித்தால் அது ரஷ்யக் காடுகளில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸின் உறவுக்கார வைரஸ். பரப்புவது ஹீமாஃபைசாலிஸ் இனத்துக் காட்டு உண்ணி, அதிலும் குறிப்பாகக் கடுகு மாதிரி இருக்கும் அதன் இளம்பருவம். நோய்க்கு அந்தக் காட்டின் பெயரே நிலைத்துவிட்டது. ஜனங்கள் வைத்த பெயர் குரங்குக் காய்ச்சல். பாவம் குரங்கு, அதுவும் நம்மைப் போலக் கடிபட்ட ஜீவன்தான்.

யாருக்கு வந்தது? விறகு பொறுக்கப் போனவர்கள், மாடு மேய்த்தவர்கள், சருகு அள்ளியவர்கள், காடு வெட்டிய கூலிகள். 1980-களின் தொடக்கத்தில் தென்கன்னடத்தின் பெல்தங்கடிப் பக்கம் காட்டை வெட்டித் தோட்டம் போட்டபோது அங்கே பெரிதாகப் பரவியது. 2012-ல் பந்திப்பூர்க் காட்டில் செத்த குரங்குகளைக் கையாண்ட ஆட்களுக்கு வந்தது. 2013-ல் வயநாடு, 2014-ல் மலப்புறம், 2015-ல் மறுபடி வயநாட்டில் நூறு பேர் அளவில். நோய் வருபவர்களில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர் வரை இறக்கிறார்கள். நேரடியாக வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது.

பருவத்தைக் கவனியுங்கள். அட்டைக்கு மழைக்காலம். இந்தக் காய்ச்சலுக்கு மழை ஓய்ந்து காடு காய்கிற காலம், மார்கழியிலிருந்து சித்திரை வரை. அட்டை போய்விட்டது, இனிப் பயமில்லை என்று காலைத் திறந்துபோட்டுக்கொண்டு நடக்கிற காலத்தில்தான் இது வருகிறது.

அம்மாச்சிக்கு ஒரு தங்கை இருந்தார். நான் பார்த்ததில்லை. மலையில் வேலைக்கு நின்றவர் ஒரு பங்குனி மாதம் பத்து நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். 'மலைக்காய்ச்சல்' என்றார்கள். அந்தக் காலத்தில் மலையில் எந்தக் காய்ச்சலுக்கும் அந்த ஒரே பெயர்தான். மலேரியாவாகவே இருந்திருக்கலாம். என் மனதை அறுப்பது வேறு. அம்மாச்சி காலில் எத்தனை அட்டைத் தழும்பு என்று எண்ணிச் சொல்லத் தெரிந்த குடும்பம் எங்களுடையது. அந்தத் தங்கையை வேறு ஏதாவது கடித்ததா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஓர் அம்மாவின் நோட்டுப் புத்தகம்

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நான் இப்போது இருக்கும் மாநிலமே சாட்சி. கனெக்டிகட்டில் லைம் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1970-களில் பாலி மரே என்ற அம்மாவுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் மூட்டுவீக்கம், தடிப்பு, காய்ச்சல் என்று மாறி மாறி வந்தது. டாக்டர்கள் பலர் மனப்பிரமை என்றே ஒதுக்கினார்கள். அவர் விடவில்லை. தன் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் யாருக்கு என்ன, எப்போது வந்தது என்று எழுதிக்கொண்டே வந்தார். 1975-ல் அவரும் இன்னொரு தாயும் சுகாதாரத் துறையிடம் சொல்ல, யேல் பல்கலைக்கழகத்து ஆலன் ஸ்டீர் ஆராய வந்தார். 1981-ல் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் வயிற்றில் அந்தப் பாக்டீரியாவைக் கண்டார். லைம் நோய் என்று இன்று உலகம் முழுக்கச் சொல்வது அந்த ஊர்ப் பெயரை.

ஒரு தாய் எழுதிவைத்ததால் நோய்க்கு முகவரி கிடைத்தது. அம்மாச்சிகளின் காய்ச்சலுக்கு அந்த நோட்டுப் புத்தகம் இல்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்?

அட்டை என்றால் பதறாதீர்கள். ஒல்லியான முனைதான் வாய். அதன் அடியில் நகத்தைச் சரித்து நுழைத்துத் தோலிலிருந்து நெம்பி விடுங்கள், பிறகு தடித்த முனையையும் அதேபோல. சுண்ணாம்பு, உப்பு, புகையிலை, தீ எல்லாமே அதை விழவைக்கும் என்பது நிஜம். ஆனால் விழும் அவசரத்தில் அது வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கிவிடலாம், புண் சீழ்பிடிக்க அது வழி. காலணியிலும் துணியிலும் ஏறாமல் இருக்க உப்புக் குச்சி பயன்படட்டும், கடித்த பிறகு நகம் போதும். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். அரிப்பு சில நாள் இருக்கும், சொறியக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், மூக்கு, கண் போன்ற இடங்களில் அட்டை ஏறியவர்களும் டாக்டரிடம் போவது நல்லது.

உண்ணி என்றால் முறையே வேறு. அட்டை அரைமணி, ஒருமணி நேரத்தில் தானாக விழும். உண்ணி வாயைத் தோலுக்குள் ஊன்றி நாள்கணக்கில் இருக்கும். சுண்ணாம்போ மண்ணெண்ணெயோ தீயோ வைத்தால் உடனே விடாது, தொல்லைப்படுத்தப்பட்டு எச்சிலை இன்னும் உள்ளே விடும் அபாயம் உண்டு. நோய் இருப்பதே அந்த எச்சிலில்தான். நசுக்கவும் கூடாது, திருகவும் கூடாது. நுனி கூர்மையான ட்வீசரால், அதாவது நம் முள்வாங்கியால், தோலை ஒட்டி அதன் தலைப்பக்கத்தைப் பிடித்து, நேராக, ஒரே சீராக மேலே இழுக்க வேண்டும். பிறகு சோப்பு, தண்ணீர். தேதியை எழுதிவையுங்கள்.

லைம் நோய் பரவப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் உண்ணி ஒட்டியிருக்க வேண்டும். அதனால் அன்றன்றைக்குத் தேடி எடுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. எல்லா நோய்க்கும் இந்த அவகாசம் கிடையாது, சில வைரஸ்கள் சீக்கிரமே உள்ளே போய்விடும். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ, வட்டமாகப் பரவும் தடிப்போ வந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமாக "உண்ணி கடித்தது, இன்ன தேதி, இன்ன இடம்" என்று சொல்லுங்கள். லீவுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியவர்கள் அங்கே காட்டுப்பக்கம் போனதையும் சொல்ல வேண்டும். இங்குள்ள டாக்டருக்கு க்யாசனூர் தெரிய நியாயமில்லை.

நம் பத்திரிகைகள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். பரப்புவது கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு தெரியலாம். நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

தடுப்பது இரண்டுக்கும் ஒன்றுதான். முழுக்கால் சட்டை, அதைக் காலுறைக்குள் செருகுவது, வெளிர்நிறத் துணி, பூச்சி விரட்டும் மருந்து. கர்நாடகத்தில் காட்டுக்குப் போகும் ஜனங்களுக்கு டீப்பா என்ற தைலத்தைக் கொடுக்கிறார்கள், நம் ராணுவ ஆராய்ச்சிக்கூடம் கண்டது. வீடு திரும்பியதும் குளித்து, அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் பார்க்க வேண்டும். காட்டில் செத்த குரங்கைக் கண்டால் கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

அன்று மகள் காலிலிருந்த உண்ணியை மனைவியின் புருவ ட்வீசரால் எடுத்தேன். கை நடுங்கியது, ஆனாலும் முழுசாக வந்துவிட்டது. திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்தோம். ஒரு மாதம் தினமும் காலைப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. காலண்டரில் அந்தச் சனிக்கிழமையில் 'உண்ணி, இடது முழங்கால்' என்று மகள் எழுதியது இன்னும் இருக்கிறது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அம்மா, இனிமே யாருக்கும் சுண்ணாம்பு சொல்லாதீங்க, முள்வாங்கிதான்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒங்க அம்மாச்சி சுருக்குப்பைல அதுவுந்தான்யா கெடந்துச்சு. சுண்ணாம்பு டப்பிக்குப் பக்கத்துலயே. முள்ளு எடுக்க மட்டுந்தான்னு நெனச்சோம்" என்றார்.